பழைய கார்களோடு புது வீடு: கண்ணாடி அறையா, பேஸ்மென்ட்டா, ஸ்டில்ட்டா, பின்பக்க ஷெட்டா?

பழைய வண்டிகளை வீட்டோடு சேர்த்து வைத்து ஒரு புது வீடு கட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். ஹாலில் சோபா, அதற்கு எதிரே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று ஒரு சிவப்பு வண்டி. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் மழை எப்படிப் பெய்யும், அந்த வண்டி கடைசியாக எப்போது ஸ்டார்ட் ஆனது, எந்த வழியாக வெளியே வரும் என்பதெல்லாம் படத்தில் தெரியாது. வீட்டைத் தீர்மானிக்க வேண்டியது வண்டி எப்படித் தெரிகிறது என்பது அல்ல, எப்படி வெளியே போய் வருகிறது என்பதுதான். இதை மனதில் வைத்துத்தான் நான்கு வழிகளையும் ஒப்பிடுகிறேன்.

பேச்சுக்கு ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். தென்சென்னையில் இரண்டு கிரவுண்டு, 60 அடிக்கு 80 அடி. வண்டிகள் ஐந்து: ஒரு பிரீமியர் பத்மினி, ஒரு அம்பாசிடர் மார்க் 2, வண்டலூரில் தயாரான ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஒரு கான்டெஸா, அப்புறம் தாத்தா காலத்திலிருந்து குடும்பத்தில் இருக்கிற 1957 செவர்லே பெல் ஏர். பத்மினியும் ஹெரால்டும் 4 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அம்பாசிடர் 4.3 மீட்டர். பெல் ஏர் 5 மீட்டரைத் தாண்டும், அகலமும் கிட்டத்தட்ட 1.9 மீட்டர். கதவை முழுதாகத் திறந்து இறங்கவும், சுற்றி வந்து துடைக்கவும் ஒரு வண்டிக்கு 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம் வேண்டும். ஐந்துக்கும் சேர்த்து 90 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 970 சதுர அடி. இது நிறுத்துவதற்கு மட்டும். திருப்புவதற்கான இடம் தனி.

திருப்புகிற கணக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் அம்பாசிடரின் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பார்த்தவர்களுக்குத் தோள்வலி என்னவென்று தெரியும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் லகுவாகத் திரும்பிவிடும். அம்பாசிடருக்கு சுமார் 35 அடி வேண்டும், பெல் ஏருக்கு அதற்கும் மேல். ஹெரால்டுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. அதன் பானெட் முன்விளிம்பிலிருந்து மேலே எழும்பாது. இரண்டு முன் மட்கார்டுகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மொத்த முகமும் முன்பக்கமாகச் சாயும். எஞ்சின் முழுதும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், அவ்வளவு வசதி. ஆனால் மூக்கைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் பானெட்டைத் திறக்கவே முடியாது.

சரி, முதலில் எல்லோரும் ஆசைப்படும் கண்ணாடி அறை.

வண்டிக்காக வீட்டை வளைப்பது புதிய யோசனை இல்லை. சிகாகோவில் 1910இல் முடிந்த ராபி ஹவுஸ் என்ற வீட்டில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் மூன்று வண்டிகளுக்கு வீட்டோடு சேர்ந்த கராஜ் வைத்தார். அடியிலிருந்து வேலை பார்க்கக் குழியும், வண்டி கழுவ இடமும் அதில் உண்டு. பாரிஸுக்கு அருகே புவாஸியில் லெ கார்பூசியே கட்டிய வில்லா சவோயின் கீழ்த்தளச் சுவர் வளைந்து போவதற்குக் காரணமே அந்தக் காலத்துக் கார் திரும்பும் வளைவுதான். நவீன வீடு என்றாலே உதாரணம் காட்டப்படும் அந்த வீட்டில் மழைநீர் உள்ளே ஒழுகியது. கராஜ் சுவர் முழுக்க ஊறிவிட்டது என்று வீட்டுக்காரம்மா கட்டடக் கலைஞருக்கே கடிதம் எழுதினார். நம் காலத்தில் சிங்கப்பூரின் ஹாமில்டன் ஸ்காட்ஸ் அடுக்குமாடி, 2012இல் முடிந்தது, வண்டியை லிப்டில் ஏற்றி அந்தந்த வீட்டு ஹாலுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தித் தருகிறது. படங்களில் நாம் பார்த்து ஆசைப்படுவது இந்த வகையைத்தான்.

இதில் முதல் சிக்கல் வாடை. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் ஆவி மிதவைக் கிண்ணத்திலிருந்தும் டாங்க் மூடியிலிருந்தும் நேராக வெளியே வரும். இன்றைய வண்டிகளில் அந்த ஆவியைப் பிடித்து வைக்கிற கரி டப்பா இவற்றில் கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய்த் தாழ்வான இடத்தில் தேங்கும். எஞ்சின் ஓடினால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதிகள், கராஜிலிருந்து படுக்கையறைக்குள் நேராகக் கதவு வைக்கக் கூடாது என்கின்றன. வீட்டுக்குள் போகும் மற்றக் கதவும் தீயை 20 நிமிடம் தாங்குகிற மாதிரி கனமாக இருக்க வேண்டும். கராஜ் தரை வெளிக்கதவை நோக்கிச் சரிய வேண்டும். நகர்த்தித் திறக்கும் கண்ணாடிக் கதவு இவற்றில் எதையும் செய்யாது. ஆகவே கண்ணாடி வைத்தால் அசையாத, விளிம்பெல்லாம் அடைத்த கண்ணாடியாக இருக்க வேண்டும், வண்டிக்குப் போகிற வழி வேறாக இருக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் நம் கடற்கரைக்கே உரியது. ஏசி போட்ட அறையில் வண்டி இருந்தால் துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம். உள்ளேயே இருக்கும்வரை அது சரிதான். ஆனால் சென்னையில் மழைக்காலத்தில் வெளிக்காற்று 24 டிகிரி அளவுக்கு ஆறினாலே நீர்த்துளி கட்டும் அளவுக்கு ஈரமாக இருக்கும். 22 டிகிரியில் ராத்திரி முழுக்க ஊறிய வண்டி நிற்கும் அறையின் கதவைக் காலையில் வெளிப்பக்கம் திறந்தால், ஐந்து நிமிடத்தில் குரோம் பம்பர் மங்கிப் போகும். விரல் வைத்தால் கோடு விழும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் துணியால் துடைத்துவிடலாம். கதவின் உள்பக்கத் தகடு, மீட்டர் பெட்டி, சேஸியின் உள்வெற்று என்று கை போகாத இடங்களிலும் அதே தண்ணீர்தான் கட்டியிருக்கும். வண்டிக்கு வேண்டியது குளிர் இல்லை, வறட்சி. வெளி வெப்பத்திலேயே வைத்து, ஈரப்பதத்தை மட்டும் 50 சதவீதத்தை ஒட்டி இறக்கினால் போதும். 60ஐத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும், ரொம்பக் கீழே இறக்கினால் மரமும் தோலும் வெடிக்கும். இதற்கு ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் போதும். ஹாலின் ஏசியோடு வண்டி அறையைச் சேர்க்கவே வேண்டாம்.

பெட்ரோலை வடித்து, பாட்டரியைக் கழற்றி, ஒரே ஒரு வண்டியை ஹாலில் வைத்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பாதுகாப்பு என்று பார்த்தால் அது சரிதான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓடாத வண்டியில் பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், ரப்பர் சீல்கள் காய்ந்து சுருங்கும், கார்புரேட்டருக்குள் பிசின் கட்டும். காப்பாற்ற என்று உள்ளே கொண்டுவந்ததே அதைக் கெடுக்கும்.

பேஸ்மென்ட்டைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை, சென்னையில் வேண்டாம். முதலில் இடமே போதாது. 3 மீட்டர் கீழே இறங்க, வழக்கமான எட்டுக்கு ஒன்று சரிவில் 24 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். நம் மனையின் ஆழமே 24.4 மீட்டர்தான். சரிவைச் செங்குத்தாக்கினால் நீளமான பெல் ஏரின் வயிறும் பின்பக்கமும் விளிம்பில் உரசும். சாய்தளத்துக்குப் பதில் லிப்ட் வைத்தால் இடம் மிச்சம், ஆனால் வெள்ளம் வரும் நாளில்தான் கரண்ட்டும் போகும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நகரின் எத்தனையோ அடித்தளங்களில் வண்டிகள் கூரை வரை மூழ்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறோம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரிக்காரர்கள் வண்டிகளைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அனுபவம் சொல்லிக்கொடுத்த அறிவு அது. புது வண்டி முழுகினால் இன்சூரன்ஸ் வரும், வேறு வண்டி வாங்கலாம். ஹெரால்டின் உள்பக்க மரப்பலகைக்கு எங்கே போவது? போதாததற்குத் தாழ்வில் தேங்கும் பெட்ரோல் ஆவிக்கு பேஸ்மென்ட்டைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

ஸ்டில்ட்தான் சென்னையில் பெரும்பாலோர் செய்வது. வீட்டைத் தூண்களில் தூக்கி நிறுத்தி, கீழே வண்டிகள். ஒரு அடி இடம்கூட வீணாகாது, தெருமட்டத்தைவிடத் தரையை உயர்த்திக்கொண்டால் சாதாரண மழைக்குப் பயமில்லை, செலவும் குறைவு. ஐந்து வண்டியையும் 15 மீட்டர் அகலத்தில் வரிசையாக நிறுத்தினால் பக்கவாட்டு இடைவெளிகள் போக மனையின் அகலத்துக்கு மிகச் சரியாக இருக்கும். முன்பக்கம் விடுகிற இடத்தோடு ஸ்டில்ட்டுக்குள்ளேயே இன்னும் சில மீட்டர் சேர்த்தால் திருப்பவும் முடியும்.

இதன் குறைகள் சின்னச் சின்னதாக வரும், ஆனால் தினமும் வரும். தூண்களை மேல்மாடி அறைகளின் கணக்கில் வரைந்துவிடுவார்கள். அப்புறம் பார்த்தால் பெல் ஏரின் நீளக் கதவு திறக்கும் இடத்தில் சரியாக ஒரு தூண் நிற்கும். இரண்டு வண்டிகளைச் சேர்த்து நிறுத்த, நடுவே தூணே இல்லாமல் 6 மீட்டர் வெற்றிடம் வேண்டும் என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். பீம் பெரிதாகும், கொடுத்துவிடலாம். ஆறு மணிக்கு சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் புகை நேராக மேல்மாடி ஜன்னலுக்குப் போகும். திறந்த பக்கங்கள் வழியே தூசியும் உப்புக்காற்றும் வரும், தெருப்பூனை பானெட்டில் ஏறிப் படுக்கும். ரொம்ப மோசமானது எலி. பெருச்சாளி இருக்கிற தெருவில் துணியுறை சுற்றிய பழைய வயரிங் ஒரு வாரம் தாங்காது. வண்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூடினால் எலிக்கு மறைவு கிடைக்கும், ஈரமும் உள்ளேயே நிற்கும். சரி, சுவர் வைத்து மூடிவிடலாம் என்றால் அனுமதி வரைபடத்தில் பார்க்கிங் என்று காட்டிய தளத்தை நாலு பக்கமும் அடைப்பது சிக்கலை இழுத்துவிடும். கட்டடக் கலைஞரைக் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

நான்காவது, பழைய பங்களாக்களில் இருந்த கார் ஷெட். முன்னால் போர்டிகோ, வீட்டின் ஒரு ஓரமாகப் பின்னால் போகும் நேர்ப்பாதை, கடைசியில் தனியாக ஒரு ஷெட். எனக்குப் பிடித்தது இதுதான். பழமை மேல் உள்ள பாசத்தால் சொல்லவில்லை. மற்ற மூன்றிலும் நாம் காசு கொடுத்து எதிர்க்க வேண்டியவற்றை இது சும்மாவே செய்துவிடுகிறது. ஆவியும் புகையும் வீட்டுக்குள் வராது. தீ என்று வந்தால் நடுவே வெற்றிடம் இருக்கிறது. கூரையை வேண்டிய உயரத்துக்கு எழுப்பலாம். சின்ன இடம் என்பதால் நன்றாக அடைத்து ஒரே டீஹியூமிடிஃபையரால் உலர்த்தலாம்.

நம் மனையில் இது எப்படி உட்காரும் என்று பாருங்கள். பின்பக்கம் ஒன்றரை மீட்டர் விட்டு 6 மீட்டர் ஆழத்தில் ஷெட், அதற்கு முன்னால் 7 மீட்டர் திறந்த முற்றம், தெருப்பக்கம் 3 மீட்டர். மிச்சம் வீட்டுக்கு 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழம். ஓரமாக மூன்றரை மீட்டர் வண்டிப்பாதை போனால் தளத்துக்கு ஆயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். வீடு மெலிந்து போகிறதே என்று முதலில் தோன்றும். ஆனால் மெலிந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் காற்றும் வெளிச்சமும் உண்டு. ஹாலும் சமையலறையும் முற்றத்தைப் பார்த்துத் திறந்தால், கண்ணாடி வைக்கிற ஆசையையும் இங்கே தீர்த்துக்கொள்ளலாம்: வண்டிக்கும் வீட்டுக்கும் நடுவே 7 மீட்டர் காற்று, எதிரே வரிசையாக ஐந்து முகங்கள். ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் ஒன்றை இழுத்து நிறுத்திக் கழுவும்போது வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. ஹால் கண்ணாடிக்குள் உறைந்து நிற்கிற வண்டி அதைத் தராது.

வண்டிப்பாதை நேராக எந்த இடத்தில் முடிகிறதோ அந்த ஓர இடம் பெல் ஏருக்கு. திருப்பவே வேண்டாம், நேராக உள்ளே, நேராகப் பின்னால். மற்றவை 7 மீட்டர் முற்றத்தில் ஒருமுறை முன்னும் பின்னும் எடுத்தால் திரும்பிவிடும். கூரையை நாலு மீட்டருக்கு எழுப்பினால் நான்கு கால் லிப்ட் ஒன்றை வைத்து ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வண்டி நிறுத்தலாம். 3 மீட்டர் மிச்சமாகும், அங்கே வேலை மேசையும் டூல்ஸ் பலகையும். மேல்தட்டுக்கு ஹெரால்டுதான் பொருத்தம். எடையும் குறைவு, தினமும் எடுக்கப்போவதும் இல்லை. 50 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2021இல் வந்த மத்திய விதி தனியாக விண்டேஜ் பதிவு தருகிறது. எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரியான காரணங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஆகவே எந்த வண்டியை அந்தப் பதிவுக்குக் கொண்டுபோகிறோம் என்பதும் எது மேலே, எது வாசலுக்கு நேரே என்பதைத் தீர்மானிக்கும். மேல் வண்டிக்கு அடியில் தகரத் தட்டு கட்டாயம். பழைய எஞ்சின் என்றால் சொட்டும், கீழே நிற்கிற வண்டியின் பெயின்ட்டில் பிரேக் ஆயில் ஒரு துளி விழுந்தாலும் தோலுரிந்துவிடும்.

ஷெட்டுக்கும் குறை உண்டு. மழையில் நனைந்துகொண்டே போக வேண்டும் என்பது ஒன்று, ஒரு ஓரமாக மூடிய நடைவழி வைத்தால் தீர்ந்தது. வெறும் தகரக் கூரை போட்டால் மே மாதத்தில் உள்ளே நிற்க முடியாது. நடுவில் நுரை வைத்த பஃப் பேனல் கூரை கொஞ்சம் விலை கூட, ஆனால் மேலே சோலார் பலகை வைத்து டீஹியூமிடிஃபையருக்கு மின்சாரமும் எடுத்துக்கொள்ளலாம். ரோலிங் ஷட்டரின் அடியிலும் ஓரத்திலும் இடைவெளி இருக்கும். அரை அங்குலம் எலிக்குப் போதும் என்பதால் பிரஷ் பட்டை அடித்தே ஆக வேண்டும். காற்றுத் துவாரம் கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டிலும் கம்பிவலை: பெட்ரோல் ஆவி கீழே தேங்கும், பாட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் மேலே ஏறும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல்லைப் பலர் ஆசையாகக் கேட்கிறார்கள். வண்டி நிற்கிற இடத்தில் போடாதீர்கள், எண்ணெயைக் குடித்துவிடும், கறை போகாது. எபாக்ஸி பூச்சு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஓடி வந்த சூட்டோடு டயரை நிறுத்தினால் மலிவான பூச்சு டயரோடு பெயர்ந்து வரும். சொரசொரப்பாகத் தீய்த்த கிரானைட் எனக்குத் திருப்தி தந்தது. கடப்பா கல்லும் சரிதான். தரைச் சரிவு வாசல் பக்கம் போகட்டும், அந்தத் தண்ணீர் மழைநீர்க் கிணற்றில் சேரக் கூடாது.

கோயம்புத்தூரில் கட்டுகிறவர் என்றால் என் பதில் கொஞ்சம் மாறும். கடல் தள்ளி இருக்கிறது, ஊர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் நிற்கிறது, உப்புக்காற்று இல்லை. அங்கே நல்ல ஸ்டில்ட்டே போதுமானது. சரிந்த மனையாக இருந்தால் ஒரு பக்கம் தெருமட்டத்துக்குத் திறக்கிற அரை பேஸ்மென்ட்கூட யோசிக்கலாம். வரைபடம் போடுவதற்கு முன் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜிடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். வண்டிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டால் மனிதர் சுற்றி வர முடிகிறது என்பதைக் காலால் நடந்து தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு கிரவுண்டு இல்லை, ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஷெட் நடக்காது. அப்போது ஸ்டில்ட்தான், வண்டிகளையும் மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்தையும் நெருக்கி வைத்தால் நடுவில் நிற்கிற இரண்டு வெளியே வராமலே கெட்டுப்போகும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், கட்டடக் கலைஞர் தூண்களை வரைவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். காலி மனையில் சுண்ணாம்புப் பொடியால் சுவர், தூண், பாதை எல்லாவற்றையும் அதே அளவில் கோடு போட்டு, இருப்பதிலேயே நீளமான வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்துங்கள். நான்கு கதவையும் திறங்கள், டிக்கியைத் திறங்கள். ஹெரால்டை நிறுத்தி அதன் முகத்தை முழுதாகச் சாய்த்துப் பாருங்கள். வண்டியை ஓட்டப்போகிறவர் எவரோ அவரே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வெளியே எடுக்க வேண்டும். கோட்டில் டயர் ஏறுகிற இடத்தில் தூணை நகர்த்தச் சொல்லுங்கள்.